புதுப் போனில் பாட்டு: முதல் அனுபவமும் சில கேள்விகளும்

பாலக்கோட்டான்

புதுப் போன் வாங்கியாயிற்று. தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் எடுத்தேன், இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. கம்பெனி பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் இழை கம்பெனிச் சண்டையாகிவிடும். நான் பேச வந்தது பாட்டைப் பற்றி.

திரை பளிச்சென்று இருக்கிறது, பழைய போனைவிட லேசு, சார்ஜ் இரவு வரை நிற்கிறது. கேமராவைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

முதலில் ஸ்பீக்கர். கீழே ஒன்று, காதில் வைத்துப் பேசுகிற இடத்தில் இன்னொன்று. போனைப் படுக்கை வாட்டில் பிடித்தால் இடது, வலது நன்றாகவே பிரிந்து கேட்கிறது. அடுப்படி மேடையில் வைத்துவிட்டு முன் கூடத்தில் உட்கார்ந்தாலும் பாட்டு வரிகள் புரிகின்றன. ஆனால் மிருதங்கத்தில் வலது பக்கமான வலந்தலை மட்டும்தான் கேட்கும், கனத்த ஒலி தருகிற இடது பக்கமான தொப்பி இருக்கிற சுவடே தெரியாது. அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால் கனத்த ஒலிக்கு வேண்டிய காற்றைத் தள்ள முடியாது. எந்த விலைப் போனுக்கும் இதே கதைதான், அதனால் இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

இன்னொன்று. பெட்டியைப் பிரித்ததும் போனில் ஒலி மேம்பாடு என்று ஒரு வசதி தானாகவே ஓடிக்கொண்டிருந்தது. சினிமா, இசை, கேம் என்று வகை வேறு. அது ஓடும்போது குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. அணைத்துவிட்டேன். புதுப் போன் வாங்குகிற எல்லோரும் பாட்டுக் கேட்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான் என்று அடித்துச் சொல்வேன். பிடித்திருந்தால் பிறகு போட்டுக்கொள்ளலாம். ஆனால் அது இல்லாமல் பாட்டு எப்படி இருக்கிறது என்று ஒரு தடவையாவது கேளுங்கள்.

போனில் இயர்போன் ஓட்டை இல்லை. சார்ஜ் போடுகிற இடத்தில் மாட்டுகிற சின்ன டாங்கிள் ஒன்று தனியாக வாங்கி, என் பழைய ஒயர் இயர்போனை அதில் செருகினேன். எண்பதுகளின் பாட்டு ஒன்று, சிறு வயதிலிருந்து கேட்டு மனப்பாடமான பாட்டு. இரண்டாவது சரணம் தொடங்குவதற்கு முன்னால் பாடகி மூச்சை இழுக்கிறார். அந்த மூச்சை நான் இதுவரை கேட்டதே இல்லை. அதற்கு அடியில் வயலின்கள். இத்தனை வருடம் ஒரே சத்தமாகக் கேட்ட இடத்தில் பல பேர் வில் போடுவது தெரிகிறது, ஒருவர் வில் மற்றவருக்கு ஒரு மயிரிழை பின்னால் வருகிறது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் என்னவோ ஏதோ என்று பார்த்தார்கள்.

கேள்விகளுக்கு வருகிறேன். வீட்டில் ஒழுங்காக ஓடுகிற ப்ளூடூத் இயர்பட் பஸ் ஸ்டாண்டுக்குள் போனதும் விட்டு விட்டுக் கேட்கிறது, ஏன்? திரையை அணைத்துப் பாக்கெட்டில் போட்டால் கொஞ்ச நேரத்தில் பாட்டு நின்றுவிடுகிறது, இதற்கு என்ன வழி? மெமரி கார்டு போடவும் இடமில்லை. பழைய கார்டில் இருக்கிற பாட்டையெல்லாம் என்ன செய்வது?

ஓசூர் ஒலி

வாழ்த்துகள் தம்பி. அந்த மூச்சைப் பற்றி எழுதினீர்களே, அதைக் கேட்கத்தான் இத்தனை பாடும்.

பஸ் ஸ்டாண்டு விஷயம். ப்ளூடூத் பாட்டை அப்படியே அனுப்பாது. போன் சுருக்கி அனுப்பும், இயர்பட் விரித்து ஒலியாக்கும். சுருக்குகிற முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். எல்லாச் சாதனத்திலும் கட்டாயம் இருப்பது எஸ்பிசி. அதற்கு மேலே ஏஏசி, ஆப்டெக்ஸ், எல்டிஏசி. கடைசியில் சொன்னது சோனி உருவாக்கியது. 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8-லிருந்து ஆண்ட்ராய்டோடு சேர்ந்தே வருகிறது. அது நொடிக்கு 330, 660, 990 கிலோபிட் என்று மூன்று அளவில் ஓடும். சிடியில் இருப்பது நொடிக்கு 1,411 கிலோபிட். எனவே 990 என்பது சிடிக்குப் பக்கத்தில் வருகிற அளவு, கேட்க அருமையாக இருக்கும்.

ஆனால் அவ்வளவையும் இடைவிடாமல் காற்றில் அனுப்ப வேண்டும். ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில். வைஃபையும் அதே அலையைப் பயன்படுத்துகிறது. பஸ் ஸ்டாண்டில் கடைக்குக் கடை வைஃபை, ஆளுக்கு ஆள் இயர்பட், அலைக்கு இடமே இல்லை. போதாக்குறைக்குப் போன் பேண்ட் பின் பாக்கெட்டில் இருந்தால் நம் உடம்பே குறுக்கே நிற்கும். உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீர் இந்த அலையை விழுங்கிவிடும். போனைச் சட்டைப் பாக்கெட்டுக்கு மாற்றிப் பாருங்கள், பாதித் தொல்லை அங்கேயே தீரும்.

மீதிக்கு இதைச் செய்யுங்கள். அமைப்புகளில் போனைப் பற்றிய பக்கத்துக்குப் போய் பில்ட் எண்ணை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் ப்ளூடூத் ஆடியோ கோடெக் என்று ஒரு இடம் இருக்கும். எல்டிஏசி 990-இல் நின்றால் 660-க்கு இறக்குங்கள். அதுவும் விட்டு விட்டு வந்தால் வெளியே போகும்போது மட்டும் ஏஏசி. 330-க்கு இறக்குவதற்கு ஏஏசியே மேல் என்பது என் அபிப்பிராயம். சில போன்களில் இயர்பட்டைக் கழற்றி மாட்டினால் பழையபடி மாறிவிடும், அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

பாட்டு நிற்பது பேட்டரியை மிச்சம் பிடிக்கிற வேலை. பாட்டுச் செயலியின் ஐகானை அழுத்திப் பிடித்து, செயலி விவரம், அப்புறம் பேட்டரி. அங்கே கட்டுப்பாடு இல்லை என்பதைத் தேர்ந்தெடுங்கள். சரியாகிவிடும்.

மாந்தோப்பு

எல்லோருக்கும் வணக்கம். சந்தூர் பக்கம் எங்களுக்குத் தோப்பு. பெங்களூரா மாங்காய் இறங்குகிற மாதங்களில் நாள் முழுக்க தோப்பில்தான் இருப்பேன், கூட இருப்பது பாட்டு.

தம்பி இயர்போன் ஓட்டை இல்லை என்று ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டார். என்னால் அப்படித் தாண்ட முடியவில்லை. ஓட்டை போனதோடு எஃப்எம் ரேடியோவும் போய்விட்டது, இதை யாரும் பேசுவதே இல்லை. போனில் எஃப்எம்முக்கு ஏரியல் கிடையாது, இயர்போன் ஒயர்தான் ஏரியல். தருமபுரி வானொலி 102.5-ஐத் தோப்பில் கேட்டு வளர்ந்தவன் நான். டேட்டா தேவையில்லை, சிக்னல் தேவையில்லை, காசு இல்லை. 2023-இல் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகமே போன் கம்பெனிகளுக்கு எழுதியது, எஃப்எம் வசதி இருக்கிற போனில் அதை முடக்கி வைக்காதீர்கள், பேரிடர் நேரத்தில் மக்களுக்கு வேண்டும் என்று. ஆனால் ஒயர் செருக இடமே இல்லாவிட்டால் என்ன செய்வது?

ஆகாசவாணியின் நியூஸ்ஆன்ஏர் செயலியில் நிறைய நிலையங்கள் வருகின்றன, வீட்டில் இருக்கும்போது கேட்கலாம். தோப்பில் டேட்டா நொண்டும்.

நான் இன்னும் ஓட்டை இருக்கிற போன்தான் வைத்திருக்கிறேன். இன்றைக்கும் விலை குறைந்த மாடல்களில் கிடைக்கிறது. பாட்டு முக்கியம் என்று நினைக்கிறவர்கள் வாங்குவதற்கு முன் போனைத் திருப்பிப் பாருங்கள்.

ஓசூர் ஒலி

அண்ணா சொல்வது நியாயம். 2016-இல் ஐபோன் 7-இல் அந்த ஓட்டையை எடுத்தார்கள், அப்புறம் ஒவ்வொரு கம்பெனியாக எடுத்தது. எங்கள் ஊர்ப் பக்கத்து டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில்தான் ஐபோனின் வெளிக்கூடு தயாராகிறது. காலையில் ஷிப்டுக்குப் போகிற பெண்கள் பஸ் பஸ்ஸாகப் போவதைப் பார்ப்பேன், முக்கால்வாசிப் பேர் காதில் பாட்டு. அந்தக் காட்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

டாங்கிள் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இரண்டு வகை இருக்கிறது. ஒன்று வெறும் ஒயர். போனுக்குள்ளேயே ஒலி தயாராகி அந்த வழியாக வெளியே வந்தால்தான் வேலை செய்யும், பல போன்களில் வராது. இன்னொன்றில் சின்னதாக ஒரு டேக் சிப் இருக்கும். எண்களாக இருக்கும் பாட்டை ஒலி அலையாக மாற்றுகிற வேலையை அதுவே செய்துகொள்ளும். கடையில் கேட்கும்போது டேக் இருக்கிறதா என்று கேளுங்கள். போனைக் கையில் கொண்டுபோய் அங்கேயே மாட்டிப் பார்த்து வாங்குவது நல்லது.

அரூர் டீச்சர்

பழைய கார்டைப் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் சொல்கிறேன்.

அந்தக் கார்டில் இருப்பது கடையில் ஏற்றிய பாட்டுத்தானே? நம் பக்கம் எல்லா பஸ் ஸ்டாண்டிலும் அந்தக் கடை இருந்தது. கார்டைக் கொடுத்து, யார் படப் பாட்டு வேண்டும் என்று சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்தால் தயார். ஒரு கார்டில் எவ்வளவு அடைக்கலாம் என்பதுதான் அன்றைய போட்டி, அதனால் பாட்டை நன்றாக நசுக்கி வைத்திருப்பார்கள். பெரும்பாலும் நொடிக்கு 128 கிலோபிட், சிலது அதற்கும் கீழே. அந்த அளவுக்கு நசுக்கினால் முதலில் அடிபடுவது மேல் ஒலிகள். ஜால்ராவும் சலங்கையும் கலகலவென்று கேட்காமல் சளசளவென்று கேட்கும். பழைய போனில் அது தெரியாது. நல்ல இயர்போனும் நல்ல போனும் வந்ததும் பளிச்சென்று தெரிந்துவிடும். புதுப் போன் வாங்கிய பலர் இந்தப் போனில் பாட்டு நன்றாக இல்லை என்று சொல்வதற்குக் காரணம் போன் இல்லை, கோப்பு.

அதை 320 ஆக மாற்றித் தருகிறோம் என்று செயலிகள் வருகின்றன. வேண்டாம். போன ஒலி போனதுதான். கோப்பு பெரிதாகும், பாட்டு பெரிதாகாது.

நான் இப்போது இணையத்தில்தான் கேட்கிறேன். செயலிக்குள் தரம் தானியங்கியில் இருந்தால் சிக்னல் குறையும்போது தரமும் குறையும். அதை மாற்றி, வீட்டு வைஃபையில் உயர்ந்த தரத்தில் இறக்கி வைத்துக்கொண்டால் பயணத்தில் டேட்டாவே வேண்டாம். 160 கிலோபிட்டில் ஒரு மணி நேரப் பாட்டு ஏறக்குறைய 72 எம்பி, 320-இல் 144 எம்பி. இன்றைய போனுக்கு அது ஒன்றுமே இல்லை.

பாலக்கோட்டான்

நன்றி டீச்சர். கோப்பு விஷயம் கண்ணைத் திறந்தது. ஆனால் இணையத்திலேயே கேட்பது என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பாட்டு அங்கே நம்முடையது இல்லை. உரிமை ஒப்பந்தம் முடிந்தால் ஒரு நாள் பட்டியலில் பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில் இருக்கும், தட்டினால் ஓடாது. எனக்கு உயிரான ஒரு நாதஸ்வரக் கச்சேரி அப்படித்தான் போனது. மாதச் சந்தா நிறுத்தினால் இறக்கி வைத்ததும் போகும். வீட்டில் அப்பா காலத்து ஆடியோ சிடிகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. நண்பன் கம்ப்யூட்டரில் போட்டு ஃபிளாக் வடிவில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மணி நேர சிடி அப்படியே எடுத்தால் 635 எம்பி வரும். ஃபிளாக்கில் பாதி, பாதிக்குக் கொஞ்சம் மேல். ஒரு துளி ஒலிகூட இழப்பு இல்லை. 128 ஜிபி போனில் எங்கள் வீட்டு சிடி முழுக்க அடங்கிவிடும், இடம் மிஞ்சும். கார்டு ஓட்டை இல்லாத வருத்தம் தீர்ந்தது.

அரூர் டீச்சர்

சிடி பெட்டி இருக்கிற வீட்டுக்கு அது சரி தம்பி. எங்கள் வீட்டில் இருந்தது கேசட், அதுவும் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. என்னிடம் படிக்கிற பிள்ளைகள் சிடியைக் கையில் தொட்டதுகூட இல்லை. அவர்களுக்கு எழுபது வருடத்துப் பாட்டு ஒரு தட்டில் கிடைக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தானாகத் தேடி நாதஸ்வரம் கேட்டுவிட்டு வந்து, டீச்சர் இது என்ன ராகம் என்று கேட்டான். எந்தச் சிடி அவனிடம் போயிருக்கும்? உரிமை நம்மிடம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் வாசல் திறந்திருப்பது பெரிய விஷயம், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கூத்துமேடை

நான் பென்னாகரம் பக்கம். புது உறுப்பினர். உங்கள் பேச்சைப் படித்துவிட்டுத்தான் சேர்ந்தேன்.

நீங்கள் எல்லோரும் போனில் கேட்பதைப் பேசுகிறீர்கள். எனக்கு வேண்டியது போனில் பிடிப்பது. எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும். இரவு பத்து மணிக்குமேல் தொடங்கி விடியும் வரை. இந்தப் பாட்டெல்லாம் எந்தச் செயலியிலும் இல்லை, எந்தச் சிடியிலும் இல்லை. பாடுகிறவர்களோடு போய்விடும். எங்கள் வாத்தியார் ஒருவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. திரை பிடித்து வேஷம் உள்ளே நிற்கும்போது அவர் பாடுகிற விருத்தம் வேறு யாருக்கும் அப்படி வராது. ஒரு சொல்லை நீட்டிக்கொண்டே போய், மிருதங்கக்காரர் எங்கே தட்டப் போகிறார் என்று நாம் காத்திருக்கும்போது, தட்டுவதற்கு முன்பே அடுத்த சொல்லுக்குத் தாவிவிடுவார்.

புதுப் போன் வாங்கியதே அதைப் பிடித்து வைக்கத்தான். வீடியோ எடுத்தேன். படம் தெளிவு. ஒலிதான் சரியில்லை. மிருதங்கமும் ஜால்ராவும் ஓங்கி விழும்போது சத்தம் கரகரக்கிறது, அடுத்த நொடி வாத்தியார் குரல் அமுங்கிப் போகிறது, கொஞ்ச நேரம் கழித்து மெல்ல மேலே வருகிறது. முகவீணை ஊதும்போதும் இதே கதை. கோயில் விசேஷத்தில் பம்பை அடித்தபோது இன்னும் மோசம். போன் பழுதா? கடையில் கேட்டால் சிரிக்கிறார்கள்.

ஓசூர் ஒலி

நண்பரே, இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இது. விரிவாக எழுதுகிறேன்.

போன் பழுதில்லை. போன் மைக் ஒருவர் பேசுவதற்காக அமைத்தது. மெதுவாகப் பேசினால் போன் தானாகத் தூக்கிக் கொடுக்கும், சத்தமாக வந்தால் தானாக அமுக்கும். மிருதங்கம் விழுந்ததும் அமுக்கிவிடுகிறது. அமுக்கிய கை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆகிறது. அந்த நேரத்தில் வாத்தியார் பாடியது அடியில் போய்விடுகிறது. இதோடு இரைச்சல் நீக்கம் என்று ஒன்று வேறு. ஜால்ராவையும் முகவீணையையும் இரைச்சல் என்று நினைத்து அரிக்கும்.

ஒலியை வீடியோவிலிருந்து பிரித்துவிடுங்கள். படத்துக்கு ஒரு போன், ஒலிக்கு ஒரு போன், பழைய போன் இருந்தால் போதும். ஒலிப்பதிவுச் செயலி ஒன்று போட்டு, அதில் வடிவத்தை வேவ் என்று வையுங்கள், அது ஒலியைச் சுருக்காமல் அப்படியே வைக்கும். மைக் வகை என்ற இடத்தில் பதப்படுத்தாத ஒலி என்று ஒரு தேர்வு இருந்தால் அதை எடுங்கள். ஆண்ட்ராய்டு 7-லிருந்து அப்படி ஒரு வழி இருக்கிறது, ஆனால் போன் கம்பெனியும் இடம் கொடுத்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் தானியங்கி ஒலியளவு, இரைச்சல் நீக்கம் இரண்டையும் அணைக்க முடிகிறதா பாருங்கள். கையால் அளவு வைக்கிற வசதி இருந்தால், ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது முள் சிவப்பைத் தொடாதபடி குறைத்து வையுங்கள். பதிவு மெதுவாக இருந்தால் பிறகு தூக்கிக்கொள்ளலாம். கரகரத்துப் போனதை யாராலும் சரிசெய்ய முடியாது.

எங்கே வைப்பது என்பது இதைவிட முக்கியம். ஒலிபெருக்கிக் குழாய்க்கு எதிரே வேண்டவே வேண்டாம். பின்பாட்டுக்காரர்கள் உட்கார்கிற பெஞ்சுக்குப் பக்கவாட்டில், மிருதங்கத்துக்கு எதிர்ப்புறம், தரையில் வைக்காமல் ஒரு ஸ்டூல் மேல் துண்டை மடித்துப் போட்டு அதன் மேல் வையுங்கள். மேடைப் பலகையில் வைத்தால் ஆடுகிற ஒவ்வொரு அடியும் இடியாக விழும். பம்பைக்கு இன்னும் தள்ளி. இரண்டு உருளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய வாத்தியம் அது, வெட்டவெளிக்காகவே பிறந்தது, கிட்டத்தில் எந்தப் போன் மைக்கும் தாங்காது.

இடக் கணக்கு: 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ வேவ் ஒரு மணி நேரத்துக்கு 690 எம்பி அளவு. எட்டு மணி நேரக் கூத்து ஐந்தரை ஜிபி. வேவ் கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது, அதனால் ஒவ்வொரு வேஷம் முடியும்போதும் நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். ஃப்ளைட் மோடில் போடுங்கள், நடுவில் போன் வந்தால் பதிவு நின்றுவிடும். பவர் பேங்க் கையில் இருக்கட்டும்.

பதிவு தொடங்கும்போது ஊர், தேதி, கூத்தின் பெயர், பாடுகிறவர், மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம் யார் யார் என்று உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்களிடம் முதலிலேயே அனுமதியும் கேட்டுவிடுங்கள்.

பர்கூர் மகள்

இந்த இழையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், அவர் சொல்லித்தான் எழுதுகிறேன்.

அப்பா கிரானைட் குவாரியில் வேலை பார்த்தவர். டிரில்லர் சத்தத்தில் இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காது கேட்கும். போன பொங்கலுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்தோம். ஒயர் இயர்போனில் வலது பக்கத்தை மட்டும் மாட்டிக் கேட்பார். பாட்டில் புல்லாங்குழல் இருந்ததே, இப்போது காணோமே என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வயசாகிவிட்டது, காது குறைந்துகொண்டே போகிறது என்று நாங்கள் நினைத்தோம்.

காது காரணமில்லை. தமிழ்ப் படப் பாட்டில் ஸ்டீரியோ வந்த புதிதில் குழலை ஒரு பக்கம், வீணையை ஒரு பக்கம் என்று நன்றாகப் பிரித்து வைப்பார்கள். அப்பாவின் குழல் முழுக்க இடது பக்கத்தில் இருந்தது. அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற இடத்துக்குப் போனால் மோனோ ஆடியோ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஐபோனிலும் இருக்கிறது. அதைப் போட்டால் இரண்டு பக்கத்து ஒலியும் சேர்ந்து இரண்டு காதிலும் வரும். போட்டுவிட்டு அதே பாட்டை வைத்தேன். இடையிசை வந்தது. அப்பா கையைத் தூக்கி, இரு இரு என்றார். குழல் முடிகிற வரைக்கும் கையை இறக்கவில்லை. அப்புறம் பாட்டை முதலிலிருந்து வைக்கச் சொன்னார்.

குவாரி, கிரஷர், ஸ்பின்னிங் மில் என்று சத்தத்தில் வேலை பார்த்தவர்கள் நம் பக்கம் எவ்வளவு பேர்! ஒரு காது மந்தமாக இருக்கிற அப்பா, மாமா, தாத்தா இருந்தால் தயவுசெய்து அந்தப் பொத்தானைப் போட்டுக் கொடுங்கள்.

ஹைரெஸ் ரசிகன்

ஆனால் மோனோ போட்டால் ஸ்டீரியோ அழகே போய்விடுமே? மேடையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது தெரியாது. அதற்கு ஹை-ரெஸ் முத்திரை போட்ட போன் எதற்கு?

பர்கூர் மகள்

இரண்டு காதும் கேட்கிறவர்களுக்கு நீங்கள் சொல்வது சரி. அப்பாவுக்கு மேடை வேண்டாம், குழல் வேண்டும்.

ஓசூர் ஒலி

தங்கையின் பதிலுக்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அந்த முத்திரையைப் பற்றி மட்டும் இரண்டு வரி. ஹை-ரெஸ் ஆடியோ முத்திரை ஜப்பான் ஆடியோ சொசைட்டி வகுத்தது, சாதனம் 40 கிலோஹெர்ட்ஸ் வரை கையாள வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. மனிதக் காது நல்ல நாளிலேயே 20 வரைதான் கேட்கும், வயது ஏற ஏற அதுவும் இறங்கும். முத்திரை இருந்தால் சந்தோஷம், ஆனால் அதற்காக இரண்டாயிரம் மூவாயிரம் கூடுதலாகக் கொடுப்பதைவிட அந்தக் காசில் நல்ல ஒயர் இயர்போன் வாங்குங்கள். காதுக்குள் சரியாக அடைத்து உட்கார்கிற ரப்பர் முனை அளவைத் தேர்ந்தெடுங்கள். பெட்டியில் மூன்று அளவு கொடுப்பார்கள், நம்மவர்கள் மாட்டி வந்ததோடு விட்டுவிடுவார்கள். முனை சரியாக அடைக்காவிட்டால் பேஸ் என்கிற கனத்த ஒலி முழுக்க வெளியே ஓடிவிடும்.

மாந்தோப்பு

முனை என்றதும் சொல்ல வேண்டும். எங்கள் கிருஷ்ணகிரிக்கு ரயில் நிலையமே கிடையாது, எங்கே போனாலும் பஸ்தான். பஸ் இரைச்சலை மீறிக் கேட்கப் பிள்ளைகள் வால்யூமைக் கடைசி வரை தள்ளுகிறார்கள், பக்கத்து சீட்டில் இருக்கிற எனக்கே வரி கேட்கிறது. பர்கூர் அம்மாவின் அப்பாவுக்குக் காது போனது பிழைப்புக்காக. இவர்களுக்குப் பாட்டினால் போகக் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு, 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். சத்தம் 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி. முனை நன்றாக அடைத்தால் பஸ் சத்தம் உள்ளே வராது, வால்யூமைப் பாதியிலேயே வைக்கலாம். பிள்ளைகள் வைத்திருக்கிற வீட்டுக்காரர்கள் போனில் உச்ச வால்யூமுக்கு வரம்பு வைக்கிற வசதி இருக்கிறதா என்று பாருங்கள், பல போன்களில் இருக்கிறது.

பாலக்கோட்டான்

எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். போனைச் சட்டைப் பாக்கெட்டுக்கு மாற்றி 660-இல் வைத்ததும் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் விட்டு விட்டு வருவது நின்றது. அங்கே நெரிசல் நேரத்தில் எப்போதாவது ஒரு விக்கல், அவ்வளவுதான். பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்ததும் பாட்டு நிற்கவே இல்லை, தொப்பூர் கணவாய் இறங்கி சேலம் வரை ஓடியது. முனையைப் பெரிய அளவுக்கு மாற்றினேன், தொப்பி வந்துவிட்டது! மிருதங்கத்தின் இரண்டு பக்கமும் இப்போது இருக்கிறது.

டீச்சர், உங்கள் மாணவன் கேட்ட ராகம் என்னவென்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

அரூர் டீச்சர்

கல்யாணி! அவன் இப்போது மோகனத்தில் இருக்கிறான்.

கூத்துமேடை

ஓசூர் அண்ணனுக்கு நன்றி. நேற்று இரவு பக்கத்து ஊரில் கூத்து. சொன்னபடி ஸ்டூல், மடித்த துண்டு, பக்கவாட்டில் வைத்தேன். என் போனில் பதப்படுத்தாத ஒலி என்ற தேர்வு இருந்தது. வாத்தியாரிடம் அனுமதி கேட்டபோது, எனக்கும் ஒரு நகல் கொடுப்பாயா என்றார். விருத்தம் அப்படியே வந்திருக்கிறது. மிருதங்கம் விழும்போது குரல் அமுங்கவில்லை. முகவீணையில் சீவாளியைக் கடித்துப் பிடிக்கிற சத்தம்கூட இருக்கிறது. தூரத்தில் ஒரு குழந்தை அழுகிறது, அது இருக்கட்டும்.

ஒரு சந்தேகம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒலி கெடுமா?

ஓசூர் ஒலி

ஆடியோவாக அனுப்பாதீர்கள், டாக்குமெண்ட் என்று இணைத்து அனுப்புங்கள். கோப்பு அப்படியே போகும், ஒரு தடவைக்கு 2 ஜிபி வரை. அனுப்புவதற்கு முன் ஃபிளாக்காக மாற்றினால் ஒலி குறையாமல் அளவு பாதியாகும். மூலக் கோப்பை அழிக்காமல் ஹார்டு டிஸ்க் ஒன்றில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், போன் தொலைந்தாலும் வாத்தியார் இருப்பார். எனக்கு விருத்தம் மட்டும் முதலில் அனுப்புங்கள்.